பழைய காரின் கசெட் செட்டில் கைபேசிப் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வீதிகளில் தொண்ணூறுகளின் சன்னி, கரோலா, லான்சர், ஸ்டார்லெட் கார்கள் இன்றும் நிறைய ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரைப் பேணிக் காப்பதைத் தவிரப் பலருக்கு வேறு வழியிருக்கவில்லை. இயந்திரத்தையும் நிறப்பூச்சையும் அப்படிக் கவனித்த பலர், டாஷ்போர்டில் இருக்கும் கசெட் செட்டை மட்டும் செத்துப்போன பொருளாக எண்ணிவிடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள செட்டைக் கழற்றாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். கைபேசியில் இருக்கும் பாட்டை அதில் ஒலிக்கச் செய்ய வழிகள் உண்டு. அவற்றில் மிகச் சிறந்ததான கசெட் அடப்டர் அந்தக் கசெட் வாய் வழியாகவே போகிறது.

புதிய செட் ஒன்றைப் பொருத்திவிடுவது சுலபம் அல்லவா?

பொருத்துகிற அன்றைக்குச் சுலபம். அவசரமாக வேலை செய்யும் இடங்களில் காரோடு வந்த இணைப்பியை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றுவார்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் அந்த முறுக்கு கறுத்துவிடும். சில வருடங்களில் ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடும். மலிவான திரை செட்டுகள் சில, கார் நிற்கும்போதும் பற்றரியை உறிஞ்சுகின்றன.

பின்பக்கக் கமரா வேண்டும், வரைபடம் பெரிய திரையில் வேண்டும் என்றால் மாற்றுவது நியாயமே. அப்போது இரண்டு விடயங்களில் உறுதியாக நில்லுங்கள். உங்கள் கார் வகைக்குரிய இணைப்பியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஒரு வயரையும் வெட்ட விடாதீர்கள். கழற்றிய செட்டையும் கையோடு வாங்கி, துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். பிறகு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினாலும் அதே செட், அதே முகப்போடு கிடைப்பது அரிது.

கசெட் அடப்டர் என்பது என்ன? உள்ளே நாடா இல்லாமல் எப்படிப் பாடுகிறது?

பார்வைக்குச் சாதாரண கசெட்தான். ஒரு மூலையிலிருந்து மெல்லிய வயர் வெளியே வரும். அதன் நுனியில் 3.5 மில்லிமீட்டர் பிளக் இருக்கும். அதைக் கைபேசியின் ஹெட்போன் துளையில் செருக வேண்டும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய கசெட்டில் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஹெட்டை உரசிச் செல்கிறது. ஹெட் என்பது காந்த உலோகத்தில் சுற்றிய நுண்ணிய கம்பிச் சுருள். நாடாவில் பதிந்திருக்கும் காந்த அளவு கூடிக் குறைவதற்கேற்ப அந்தச் சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவதே செட்டின் வேலை.

காந்தப்புலம் நாடாவிலிருந்துதான் வரவேண்டும் என்று ஹெட்டுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அடப்டருக்குள் இன்னொரு ஹெட் இருக்கிறது. கைபேசியிலிருந்து வரும் மின்சைகை அதைக் காந்தமாக்குகிறது. அதற்கு நேர் எதிரே, தொட்டும் தொடாமலும் நிற்கும் செட்டின் ஹெட் அந்த மாற்றங்களை அப்படியே வாங்கிக்கொள்கிறது. கூட்டுக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் இசைக்காக அல்ல. நாடா ஓடவில்லை என்று செட் நினைத்து நின்றுவிடாதபடி, நாடாவைச் சுற்றும் இரண்டு அச்சுகளையும் சேர்த்துச் சுழற்றுவதற்காகவே அவை இருக்கின்றன.

இந்த அமைப்பின் எளிமையை நான் மிகவும் மதிக்கிறேன். காரில் ஒரு திருகாணியையும் கழற்ற வேண்டியதில்லை. காரை விற்கும்போது அடப்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

கொழும்பில் எங்கே வாங்கலாம்? எதைப் பார்த்து வாங்குவது?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுக் கடைகளில் முதலில் கேளுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் கைபேசித் துணைப்பொருள் விற்கும் கடைகளை விசாரிக்கலாம். பழைய சரக்காக ஒரு மூலையில் கிடக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள். புறக்கோட்டையில் காரை நிறுத்தி அங்கேயே போட்டுப் பார்ப்பது நடக்காத காரியம். சரிவராவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று பேசிக்கொண்டு வாங்குங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது வயர் வெளிவரும் இடம். சில செட்டுகள் கசெட்டை நீளப்பக்கமாக விழுங்கும். சில குறுகிய பக்கமாக விழுங்கும். உங்கள் செட்டில் கசெட் எப்படிப் போகிறது என்பதை வீட்டிலிருந்து புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வயர் உள்ளே மாட்டிக்கொண்டால் அது நசுங்கும், கசெட் வெளியே வரவும் மறுக்கும். வயரின் திசையை மாற்றக்கூடிய அடப்டர்கள் உண்டு, கிடைத்தால் அதையே எடுங்கள்.

பிறகு அச்சின் துளையில் பேனா ஒன்றை நுழைத்துச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் காருக்குள் அது இன்னும் கேட்கும். மென்மையாகச் சுழல்வதே நல்லது. விலையைப் பார்த்து மட்டும் தெரிவு செய்யாதீர்கள். ஒரே விலையில் ஒன்று நன்றாகவும் மற்றது மோசமாகவும் இருக்கிறது.

அடப்டரைப் போட்டதும் செட் பக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது, அல்லது வெளியே தள்ளிவிடுகிறது. ஏன்?

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். அநேகமாகக் கோளாறு அடப்டரில் இருக்காது.

ஒரு பக்கம் முடிந்ததும் தானாக மறுபக்கம் திரும்பும் செட்டுகள், நாடா முடிந்ததை அச்சு சுழல்வது நிற்பதை வைத்துத்தான் அறிகின்றன. அடப்டரின் பற்சக்கரம் இறுக்கமாக இருந்தால் அச்சு தடுமாறும். நாடா முடிந்துவிட்டது என்று செட் தீர்மானித்துத் திசையை மாற்றும். அந்தத் திசையிலும் இறுக்கமாக இருந்தால் மீண்டும் மாற்றும், பிறகு வெளியே தள்ளும். ஆகவே முதலில் மறு திசையில் ஓடவிட்டுப் பாருங்கள். பல அடப்டர்கள் ஒரு திசையில் மட்டுமே ஒழுங்காகப் பாடும். எந்தத் திசையில் நிலைக்கிறதோ அதுவே உங்கள் திசை.

அப்படியும் சரிவராவிட்டால் கூட்டின் திருகாணிகளைக் கழற்றி, பற்சக்கரங்களின் அச்சில் மட்டும் ஒரு துளி சிலிகோன் கிரீஸ் வையுங்கள். ஹெட்டில் படக்கூடாது. பற்சக்கரங்களை முழுவதும் எடுத்துவிட்டால் சத்தமே இராது என்று சிலர் சொல்வார்கள். அச்சின் சுழற்சியைக் கவனிக்காத பழைய எளிய செட்டுகளில் அது பலிக்கும். மற்றவற்றில் அடப்டர் உடனே வெளியே வந்துவிடும்.

சாதாரண கசெட்டையும் செட் வெளியே தள்ளுகிறதா? அப்படியானால் நோய் செட்டில்தான் இருக்கிறது. உள்ளே மோட்டாரையும் அச்சையும் இணைக்கும் இரப்பர் பெல்ட், நம் ஊர் வெப்பத்தில் தளர்ந்துவிடும். சில வேளை உருகிப் பிசினாகவும் ஆகிவிடும். பெல்ட் மலிவானது. செட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பொறுமை உள்ள திருத்துநரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

பாட்டு கேட்கிறது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் மந்தமாக இருக்கிறது. தெளிவாக்க முடியுமா?

முடியும். பெரும்பாலும் செலவே இல்லாமல் முடியும்.

செட்டில் டோல்பி பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். டோல்பி முறையில் பதிந்த நாடாவின் இரைச்சலைக் குறைப்பதற்காக, அது உயர்ந்த ஒலிகளைத் தணிக்கிறது. கைபேசியிலிருந்து வரும் பாட்டு அந்த முறையில் பதியப்படாதது. ஆகவே அதன் பளிச்சென்ற ஒலிகளே தணிக்கப்பட்டுவிடும். மெட்டல் வகை நாடாவுக்கென்று ‘மெட்டல்’ என்று எழுதிய பொத்தானும் இதே போன்றது. அதை அணைத்தால் உயர்ந்த ஒலிகள் கூடும். இந்த இரண்டு பொத்தான்களைத் தொட்டதுமே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது ஹெட்டின் அழுக்கு. பழைய நாடாக்களிலிருந்து உதிர்ந்த பழுப்பு நிறத் துகள் ஹெட்டின் முகத்தில் படிந்திருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்டு, செட்டை அணைத்துவிட்டு, மெதுவாகத் துடையுங்கள். பழுப்பு வருவது நிற்கும் வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் எண்ணெய் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்கவும். நாடாவை இழுக்கும் இரப்பர் உருளைக்கு அல்கஹோல் வேண்டாம், ஈரத்துணி போதும்.

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் குறைவாகக் கேட்டால், அடப்டரின் ஹெட் செட்டின் ஹெட்டுக்கு நேராக நிற்கவில்லை. 3.81 மில்லிமீட்டர் அகலத்துக்குள் இரு திசைக்கும் இடம், வலம் என்று நான்கு தடங்கள் நெருங்கி இருக்கின்றன. ஒரு மயிரிழை விலகினாலும் ஒன்று குறையும். எடுத்துவிட்டு மீண்டும் போடுங்கள். வேறு அடப்டரை முயலுங்கள். ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியை மட்டும் அடப்டருக்காகத் திருகாதீர்கள். உண்மையான கசெட்டுகள் ஒழுங்காகப் பாடுவது அந்தத் திருகாணியின் கோணத்தால்தான்.

ஒலி அளவைக் கைபேசியில் கூட்ட வேண்டுமா, செட்டில் கூட்ட வேண்டுமா?

கைபேசியில் முக்கால் பங்கு வையுங்கள், மீதியைச் செட்டில் கூட்டுங்கள். கைபேசியில் மிகக் குறைத்தால் செட்டின் இரைச்சலும் சேர்ந்து பெருகும். முழுமையாகக் கூட்டினால் நாதஸ்வரம், தவில் போன்ற பலமான ஒலிகள் சிதறும். சிதறல் கேட்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துவதே கணக்கு.

என் கைபேசியில் ஹெட்போன் துளையே இல்லை.

2016 இல் ஐபோன் 7 அந்தத் துளையை நீக்கியது. பிறகு மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. சார்ஜ் செய்யும் துளையிலிருந்து 3.5 மில்லிமீட்டர் துளைக்கு மாற்றும் குட்டி வயர் கிடைக்கிறது. யூஎஸ்பி சி வகையில் இரண்டு விதம் உண்டு. ஒன்று வெறும் வயர். கைபேசியே ஒலிச் சைகையை அனுப்பினால்தான் அது பாடும். மற்றதில் இலக்கத்தை ஒலியாக்கும் சில்லு உள்ளேயே இருக்கிறது. சில்லு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், அதுதான் ஏறக்குறைய எல்லாக் கைபேசிக்கும் பொருந்தும்.

பழைய ஐபாட் அல்லது எம்பி3 பிளேயர் ஏதேனும் மேசை லாச்சியில் கிடந்தால், என் கருத்தில் அதைவிடச் சிறந்தது இல்லை. பாட்டை நிரப்பிக் காரிலேயே வைத்துக்கொள்ளலாம். நடுவில் அழைப்பு வந்து பாட்டு அறுபடாது.

வயர் இல்லாத புளூடூத் கசெட் நல்லதா?

ஒலி ஏறக்குறைய வயர் அடப்டர் போலத்தான். வயர் கியரில் சுற்றிக்கொள்ளும் தொல்லை இல்லை. குறை அதன் பற்றரியில் இருக்கிறது. கூட்டுக்குள் சிறிய லித்தியம் பற்றரி உண்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து சார்ஜ் செய்ய வேண்டும். காலி வீதியில் நண்பகல் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு என்ன சூடாகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் லித்தியம் பற்றரியை விட்டுப் போகக்கூடாது. ஆயுள் குறையும், ஊதிவிட்டால் கசெட் உள்ளேயே இறுகிவிடும். இறங்கும்போதெல்லாம் எடுத்துப் பையில் போட முடியுமானால் வாங்குங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. 3.5 மில்லிமீட்டர் துளை உள்ள சிறு புளூடூத் ரிசீவரை வாங்கி, சாதாரண வயர் அடப்டரை அதில் செருகுங்கள். கைபேசி உங்கள் பையிலேயே இருக்கலாம். ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

லைட்டர் துளையில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறதே, அதை ஏன் முதலில் சொல்லவில்லை?

கொழும்பில், அதுவும் ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் காரில், அது பெரும்பாலும் ஏமாற்றும் என்பதால்தான்.

டிரான்ஸ்மிட்டர் ஒரு குட்டி வானொலி நிலையம். கைபேசிப் பாட்டை ஓர் அலைவரிசையில் ஒலிபரப்பும். செட்டின் வானொலியில் அதே அலைவரிசையைப் பிடிக்க வேண்டும். அந்த அலைவரிசையில் வேறு நிலையம் எதுவும் இருக்கக்கூடாது. சூரியன், சக்தி, வசந்தம், தென்றல் என்று தமிழ் நிலையங்கள் மட்டுமே இத்தனை. சிங்கள, ஆங்கில நிலையங்களையும் சேர்த்தால் கொழும்பில் வெற்றிடம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் வெள்ளவத்தையில் சுத்தமாக இருந்த இடம் கொட்டாஞ்சேனையில் இரையும். யாழ்ப்பாணப் பயணத்தில் நிலை இன்னும் மோசம். ஒரே நிலையம் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறு அலைவரிசையில் வருவதால், புத்தளத்தில் ஒருமுறையும் வவுனியாவில் ஒருமுறையும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது சிக்கல் ஜப்பானுக்குரியது. அங்கே எஃப்எம் நீண்ட காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை இருந்தது. நம் நாட்டில் 87.5 முதல் 108 வரை. ஆகவே ஜப்பானியச் சந்தைக்குச் செய்த செட்டில், எதுவும் சேர்க்காவிட்டால், 90க்கு மேல் ஒன்றும் பிடிக்காது. டிரான்ஸ்மிட்டரோ 87.5 இலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் இரண்டரை மெகாஹேர்ட்ஸ் மட்டுமே.

பலர் இதற்காக அன்டெனா வயரில் எக்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டியைப் பொருத்தியிருப்பார்கள். அது அன்டெனா வழியே வரும் அலைவரிசைகளைக் குறிப்பிட்ட அளவு கீழே இறக்கித் தரும். டிரான்ஸ்மிட்டரின் ஒலியும் அதே அன்டெனா வழியாகத்தான் வருகிறது, ஆகவே அதுவும் இறங்கும். உங்கள் எக்ஸ்பாண்டர் 12 மெகாஹேர்ட்ஸ் இறக்குவது என்றால், டிரான்ஸ்மிட்டரில் 100 வைத்து செட்டில் 88 ஐத் தேட வேண்டும். டிரான்ஸ்மிட்டர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பலருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. எத்தனை இறக்குகிறது என்று தெரியாவிட்டால், உங்களுக்குத் தெரிந்த நிலையத்தின் உண்மையான எண்ணிலிருந்து செட் காட்டும் எண்ணைக் கழித்துப் பாருங்கள்.

கசெட் பகுதி முற்றாகச் செத்துவிட்டது, செட்டைத் திறக்கவும் விருப்பமில்லை என்றால் டிரான்ஸ்மிட்டரைப் பயன்படுத்தலாம். அதைவிட மேலானது, அன்டெனா வயருக்கும் செட்டுக்கும் இடையே நேரடியாகப் பொருத்தும் எஃப்எம் மொடியுலேட்டர். காற்று வழியாகப் போகாததால் வெளி நிலையங்கள் அதை அவ்வளவாகக் குலைக்காது.

எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் ‘ங்ஙீ’ என்ற சத்தம் வருகிறது.

அது பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்டர்னேட்டரின் சத்தம். கைபேசியை லைட்டர் துளையில் சார்ஜ் செய்துகொண்டே, வயர் வழியாகச் செட்டுக்கும் இணைத்தால், காரின் எர்த் இரண்டு பாதையில் சேர்ந்து இந்த இரைச்சல் உண்டாகும். கைபேசியைச் செட்டின் ஒலி உள்ளீட்டுத் துளையில் நேரே இணைக்கும் ஓக்ஸ் வயரில் இது சர்வ சாதாரணம். கசெட் அடப்டரில் அரிது. அதற்கும் செட்டுக்கும் இடையே மின் இணைப்பே இல்லை, காந்தப்புலம் மட்டும்தான் கடக்கிறது. அப்படியும் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் அந்த மலிவான சார்ஜரை மாற்றுங்கள்.

செட்டுக்கு உள்ளேயே ஓக்ஸ் துளை வைக்க முடியுமா?

முடியும், ஆனால் தெரிந்தவர் செய்ய வேண்டும். ஹெட்டிலிருந்து வரும் மெல்லிய சைகை பெருக்கப்பட்ட பின், ஒலிக் கட்டுப்பாட்டுக்கு முன், ஓர் இடத்தில் வெளி ஒலியைச் சேர்ப்பார்கள். செட் கசெட் நிலையில் நிற்பதற்காக வெற்றுக் கசெட் ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். புளூடூத் பலகையை உள்ளே வைப்பதானால் அதற்குத் தனியாகப் பிரிக்கப்பட்ட மின்வழங்கி தேவை. இல்லையேல் மேலே சொன்ன இரைச்சல் உள்ளே குடியேறிவிடும்.

திறப்பதற்கு முன் செட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். பல சீடீக்களை மாற்றி மாற்றிப் பாடவைக்கும் சீடீ சேஞ்சருக்கென்று விட்ட இணைப்பி இருந்தால், அதற்குப் பொருந்தும் இடைமுகப் பெட்டி மூலம் ஒலியை நேரே கொடுக்கலாம். பற்றரியைக் கழற்றினால் இரகசிய இலக்கம் கேட்கும் செட்டுகளும் உண்டு. அந்த இலக்கம் கையில் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஓட்டும்போது பாட்டை மாற்றுவது எப்படி?

மாற்றாதீர்கள். கைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது இலங்கையில் குற்றம். புறப்படுமுன் பட்டியலைத் தொடக்கிவிடுங்கள்.

வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய கசெட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் காரில் போடலாமா?

கடையில் வாங்கிய, வேறு இடத்திலும் கிடைக்கக்கூடிய பாட்டுக் கசெட் என்றால் தாராளமாகப் போடுங்கள். முதலில் சிறு சன்னல் வழியாக நாடாவின் சுருளைப் பாருங்கள். வெண்மையாகப் புள்ளி படிந்திருந்தால் அது பூஞ்சணம். கடலோரத் தொடர்மாடிகளில் பூட்டி வைத்த பெட்டிகளில் இது மிகச் சாதாரணம். அப்படியான நாடாவைச் செட்டில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கசெட்டுக்கும் தொற்றும். 120 நிமிடக் கசெட்டின் நாடா மிக மெல்லியது. காரின் சூட்டில் சிக்கி அறுந்துவிடும், அதையும் வேண்டாம்.

எங்கள் குடும்பங்களில் வேறு வகைக் கசெட்டுகளும் இருக்கின்றன. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பியவை. அப்பம்மாவைப் பேச வைத்து இங்கிருந்து அனுப்பி, பிறகு திரும்பி வந்தவை. கல்யாண வீட்டுச் சத்தம், கோயில் திருவிழா மேளம். அவற்றுக்கு இரண்டாவது பிரதி உலகில் எங்கும் இல்லை. அவற்றை எந்தக் காரணத்துக்காகவும் காரில் போடாதீர்கள். வீட்டுக் கசெட் பிளேயரின் ஹெட்டைத் துடைத்து, முதலில் வேறொரு கசெட்டைப் போட்டு நாடாவைச் சிக்கவைக்கிறதா என்று சோதியுங்கள். பிறகு குரல் கசெட்டை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றி, ஒட்டியிருக்கும் மடிப்புகளைப் பிரியவிடுங்கள். பிளேயரின் வெளியீட்டைக் கணினியின் ஒலி உள்ளீட்டில் இணைத்து, ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். 60 நிமிடக் கசெட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். நடுவில் நிறுத்தாமல் பதிந்து, முதற்பிரதியைச் சுருக்கப்படாத வேவ் கோப்பாகவே வைத்திருங்கள். காருக்கான எம்பி3 பிரதியைப் பிறகு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பதிவு வசதியுள்ள பிளேயரில் போடுவதற்கு முன் கசெட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாவல்களையும் உடைத்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால், தவறி யாரேனும் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பிளேயர் அந்தக் குரலின் மேல் பதியாது.